பில் எவன்ஸும் அவருடைய டிரியோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில் எவன்ஸ் யார்?

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர். 1929 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிளெயின்ஃபீல்டில் பிறந்தார். 1980 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில், 51 வயதில் இறந்தார். பியானோ, டபுள் பேஸ் (ஆள் உயரத் தந்தி வாத்தியம்), டிரம்ஸ் என்ற மூன்றே வாத்தியங்கள் கொண்ட டிரியோவைத்தான் இசை வாழ்க்கையின் பெரும்பகுதியிலும் நடத்தினார். ஏழு கிராமி விருதுகள் பெற்றிருக்கிறார். அவற்றில் கடைசி இரண்டு அவர் இறந்த பிறகு வந்தவை.

ஆனால் விருதுக்காக யாரும் அவரை இன்றும் தேடிப்போய்க் கேட்பதில்லை. பியானோக்காரர் முன்னால் நடக்க மற்ற இருவரும் பின்னால் வருவது என்று இருந்த ஏற்பாட்டை, மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசுவது என்று அவர் மாற்றினார். இந்தப் பக்கத்தில் இருக்கும் பெரும்பாலான பதில்கள் அந்த மாற்றத்தைப் பற்றியவைதான்.

பியானோவுக்கு எப்படி வந்தார்?

அண்ணன் வழியாக. இரண்டு வயது மூத்தவரான ஹாரிக்கு வீட்டில் பியானோ பாடம் நடக்கும். பக்கத்தில் இருந்து கேட்ட தம்பி, பாடம் முடிந்ததும் அதையே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் வயலினும் புல்லாங்குழலும் கற்றுக்கொண்டார். லூயிசியானாவில் கல்லூரிக்குப் போனதுகூட புல்லாங்குழலுக்குக் கிடைத்த உதவித்தொகையில்தான். 1950-ல் பட்டம் வாங்கினார். 1951 முதல் 1954 வரை ராணுவத்தில் இருந்தார். பிறகு நியூயார்க் வந்து சேர்ந்தார்.

முதல் ஆல்பம் கிடைத்த விதம் சுவையானது. கிதார் கலைஞர் மண்டல் லோ, எவன்ஸ் வாசித்த டேப்பை டெலிஃபோனில் போட்டு, ரிவர்சைடு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸைக் கேட்க வைத்தார். அந்த அழைப்பின் பலன்தான் 1956-ல் பதிவான 'நியூ ஜாஸ் கன்செப்ஷன்ஸ்'. முதல் ஆண்டில் விற்றது சுமார் 800 பிரதிகள். அடுத்த ஆல்பத்துக்கு கீப்நியூஸ் தயாராக இருந்தும் எவன்ஸ் இரண்டு ஆண்டுக்கு மேல் சம்மதிக்கவில்லை. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம். தன் வாசிப்பைப் பற்றிய இந்தக் கறார்தனம் கடைசிவரை அவரை விடவில்லை.

மைல்ஸ் டேவிஸோடு எவ்வளவு காலம் வாசித்தார்?

டிரம்பெட் கலைஞர் மைல்ஸின் குழுவில் 1958-ல் சுமார் எட்டு மாதம், அவ்வளவுதான். ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பால் சேம்பர்ஸ் எல்லாம் இருந்த குழு அது. அதில் எவன்ஸ் ஒருவர்தான் வெள்ளையர். கறுப்பின ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மைல்ஸையே நேராகக் கேட்டவர்கள் உண்டு. மைல்ஸ் அசையவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது எவன்ஸின் கையில் இருந்த நாதம். ரவேல், டெபுஸி போன்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்களை எவன்ஸ் ஊன்றிப் படித்திருந்தார். ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற இசை அறிஞரோடு வேலை செய்ததால், கார்ட்களின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின்) ஓட்டத்தை விட்டு ஒரு ஸ்கேலிலேயே நின்று மனோதர்மம் செய்யும் முறையும் அவருக்குப் பழக்கம். மைல்ஸ் அப்போது தேடிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

ஓயாத பயணத்தில் களைத்துப்போய் 1958 கடைசியில் எவன்ஸ் குழுவை விட்டு விலகினார். ஆனால் 1959 மார்ச் 2-லும் ஏப்ரல் 22-லும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவுக்காக மைல்ஸ் அவரைத் திரும்ப அழைத்தார். அந்த ஆல்பத்தின் ஐந்து பாடல்களில் நான்கில் பியானோ எவன்ஸ். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' மட்டும் விண்டன் கெல்லி. ஆல்பத்தின் பின் அட்டைக் குறிப்பை எழுதியதும் எவன்ஸ்தான். ஜப்பானிய ஓவிய முறை ஒன்றில் தூரிகையை எடுத்தால் திருத்தவோ அழிக்கவோ முடியாது, அதைப்போலத்தான் இந்த வாசிப்பும் என்று அதில் எழுதியிருப்பார்.

'ப்ளூ இன் கிரீன்' யாருடைய பாடல்?

அட்டையில் இருப்பது மைல்ஸின் பெயர். எவன்ஸ் அதைத் தன்னுடையது என்றார். 1959 டிசம்பரில் பதிவான தன்னுடைய 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஆல்பத்தில் அதே பாடலை அவர் டிரியோவோடு வாசித்திருக்கிறார். அங்கே இருவர் பெயரும் உண்டு. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், அந்தக் கார்ட்கள் நகரும் விதம் எவன்ஸின் கைதான் என்று எனக்குத் தோன்றும். எவன்ஸ் இதை வழக்காக்கிச் சண்டை போட்டவர் அல்ல.

பியானோ டிரியோ அவருக்கு முன்பே இருந்ததுதானே? அவர் என்ன புதிதாகச் செய்தார்?

இருந்தது. பட் பவல், ஆஸ்கார் பீட்டர்சன், ரெட் கார்லண்ட் எல்லோரும் டிரியோ வைத்திருந்தார்கள். மூன்று பேரும் இடம்விட்டு, ஒருவரையொருவர் கவனித்து வாசிப்பதை 1950-களிலேயே அகமத் ஜமால் அழகாகச் செய்துகாட்டினார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, அதைக் குறைக்கக் கூடாது.

ஆனாலும் பெரும்பாலான டிரியோக்களில் வேலைப் பங்கீடு மாறவே இல்லை. பேஸ்காரர் ஒரு அளவில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், நான்கு அடிக்கும் நான்கு ஸ்வரம் போட்டு நடப்பார். டிரம்ஸ்காரர் சிம்பலில் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தத் தரைமேல் பியானோக்காரர் ஆடுவார். பேஸ்காரருக்கு முறை வரும்போது மற்றவர்கள் அடங்கிப்போவார்கள். கச்சேரி நடக்கும் கிளப்பில் ஜனங்கள் பேச ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

எவன்ஸ் கேட்டது இது: ஒருவர் ஏதாவது சொல்லும்போது, மற்றவர் அதற்குப் பதில் சொல்லத் தோன்றினால் ஏன் சொல்லக் கூடாது? தாளத்தை ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மூன்று பேருக்கும் உள்ளுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தால் போதாதா?

சொல்வது எளிது. காலம் ஒவ்வொருவருக்குள்ளும் இரும்பு மாதிரி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது அளவிலேயே எல்லாம் சிதறிவிடும். அதோடு, டிரியோவின் பெயரே தன் பெயராக இருக்கும் ஒருவர், தான் வாசிப்பதைக் குறைத்துக்கொள்ளவும் சம்மதிக்க வேண்டும்.

'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஆல்பத்தில் 'ஆட்டம் லீவ்ஸ்' கேளுங்கள். முன்னுரை முடிந்து மெட்டு வாசித்தாகிவிட்டது. வழக்கப்படி அடுத்தது பியானோ தனி. ஆனால் அங்கே பேஸ் ஒரு சின்னத் துண்டை எடுத்து விடுகிறது. பியானோ அதற்கு ஒரு துண்டால் பதில் சொல்கிறது. ஒன்று முடிக்கும் முன்பே இன்னொன்று நுழைகிறது, விலகுகிறது, வேறு வழியாக வருகிறது. காலத்தை யாரும் எண்ணிக் காட்டுவதில்லை. ஆனால் பாட்டின் அமைப்பு ஒரு அளவுகூடப் பிசகாமல் அடியில் ஓடுகிறது. அப்புறம்தான் பேஸ் நடக்க ஆரம்பித்து, டிரம்ஸ் பிடித்து, எவன்ஸ் முழு வேகத்தில் கிளம்புகிறார். அந்த இடம் வரும்போது கிடைக்கும் நிறைவு, அதற்குமுன் அவர்கள் காட்டிய பொறுமையால் வந்தது.

ஸ்காட் லஃபாரோ யார்?

'ஆட்டம் லீவ்ஸ்' பாடலில் கேட்ட அந்த பேஸ்காரர். 1936-ல் பிறந்தவர், எவன்ஸோடு சேரும்போது வயது 23. டபுள் பேஸை அவர் கையில் எடுத்ததே பதினெட்டு வயதுவாக்கில்தான். அதற்கு முன் கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும். சில ஆண்டுகளிலேயே, அந்தப் பெரிய வாத்தியத்தில் யாரும் கேட்டிராத வேகத்தையும் தெளிவையும் கொண்டுவந்தார். தந்திகளைப் பலகைக்கு நெருக்கமாக இறக்கி வைத்து, வலது கையின் இரண்டு விரல்களையும் மாற்றி மாற்றி மீட்டி வாசிப்பார். கழுத்தின் மேல்பகுதியில், கிதாரின் எல்லையைத் தொடும் உச்சத்தில், பாடுவதுபோல் வாசிப்பார்.

வேகம் மட்டும் என்றால் இன்று அதை வாசிக்க நூறு பேர் இருக்கிறார்கள். லஃபாரோவின் பெருமை எப்போது வாசிக்கக் கூடாது என்று தெரிந்ததில் இருக்கிறது. 'மை ஃபூலிஷ் ஹார்ட்' என்ற மெதுவான பாடலில் அவர் போடும் ஸ்வரங்கள் கொஞ்சமே கொஞ்சம். ஒவ்வொன்றும் நீளமாக, அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்க வைக்கும்.

டிரம்ஸ் வாசித்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். பால் மோஷன், 1931-ல் பிறந்தவர், ஆர்மீனிய வம்சாவளி. எவன்ஸும் லஃபாரோவும் ஒன்றுக்கொன்று பின்னிக்கொள்ளும்போது, நடுவில் இவரும் அதே அளவு வாசித்திருந்தால் கேட்கவே முடியாது. பிரஷ்ஷால் ஸ்நேர் டிரம்மில் ஒரு தேய்ப்பு, சிம்பலில் ஒரு தொடுதல், திடீரென்று ஒரு மௌனம். தாளத்தைச் சொல்லாமலே இருக்க வைத்தவர் இவர். பிற்காலத்தில் கீத் ஜாரெட் குழுவிலும், ஜோ லொவானோ, பில் ஃப்ரிசெல் இருவரோடு நடத்திய சொந்த டிரியோவிலும் மோஷன் செய்ததைக் கேட்டால், 1961-ல் அவர் எவ்வளவு யோசித்து வாசித்திருக்கிறார் என்பது தெரியும். 2011-ல் காலமானார்.

1961 ஜூன் 25 அன்று என்ன நடந்தது?

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ஏழாவது அவென்யூவில், தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டிய ஒரு நிலவறை கிளப் 'வில்லேஜ் வான்கார்ட்'. 1935-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. எவன்ஸ் டிரியோ அங்கே வாசித்துவந்த ஒப்பந்தத்தின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு, இரவு மூன்று என்று ஐந்து செட். கீப்நியூஸ் ரெக்கார்டிங் சாதனங்களை உள்ளே கொண்டுவந்து எல்லாவற்றையும் பதிவு செய்தார்.

முதல் பாட்டே லஃபாரோ இயற்றிய 'க்ளோரியாஸ் ஸ்டெப்'. அதன் நடுவில் மின்சாரம் தடைபட்டு டேப்பில் ஒரு இடம் விட்டுப்போனது. அதனால்தான் ஆல்பத்தில் அதன் இரண்டாம் வாசிப்பு இருக்கிறது. வெட்டுப்பட்ட முதல் வாசிப்பு, ஐந்து செட்டும் வரிசையாக 2005-ல் மூன்று சிடிகளாக வந்தபோது அதில் சேர்ந்தது.

அன்றிரவு கடைசியாக அவர்கள் வாசித்தது 'ஜேட் விஷன்ஸ்', அதுவும் லஃபாரோவின் படைப்பு. அடுத்தடுத்து இரண்டு முறை வாசித்தார்கள்.

பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊருக்குப் பக்கத்தில் லஃபாரோ ஓட்டிவந்த கார் மரத்தில் மோதியது. வயது 25. காரில் இருந்த நண்பரும் இறந்துபோனார்.

அந்த ஒரு நாளின் டேப்பிலிருந்துதான் 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற இரண்டு ஆல்பங்கள் வந்தன. முதல் ஆல்பத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தபோது எவன்ஸும் கீப்நியூஸும் லஃபாரோவை மனதில் வைத்தே தேர்ந்தெடுத்தார்கள்: அவருடைய பாட்டில் தொடங்கி அவருடைய பாட்டில் முடியும். டிரியோ அதுவரை ஸ்டுடியோவில் செய்தவை 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்', 1961 பிப்ரவரியில் பதிவான 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' என்ற இரண்டு ஆல்பங்கள் மட்டும்.

அந்தப் பதிவில் கண்ணாடி டம்ளர் சத்தமும் சிரிப்பும் கேட்கிறதே, ஏன் நீக்கவில்லை?

நீக்க முடியாது. மூன்று பேரும் மைக்குகளும் ஜனங்களும் ஒரே சின்ன அறையில். கீப்நியூஸ் நேராக இரண்டு டிராக் டேப்பில் பதிவு செய்தார். வாத்தியங்களைத் தனியாகப் பிரிக்க வழியில்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூவரும் இத்தனை மெதுவாக, இத்தனை கவனமாக வாசித்திருக்கிறார்கள்.

'டெபி' யார்?

அண்ணன் ஹாரியின் மகள். 1956-ல் பதிவான முதல் ஆல்பத்திலேயே அந்த வால்ட்ஸ் ஒரு சின்னத் தனி வாசிப்பாக இருக்கிறது. வான்கார்ட் பதிவில், மெட்டைப் பியானோவும் பேஸும் மட்டும் மூன்று கால் நடையில் வாசித்து முடிப்பார்கள். டிரம்ஸ் சேர்ந்து நான்கு காலுக்கு மாறும் இடத்தில் பாட்டு சட்டென்று நிமிர்ந்து உட்காரும். 1964-ல் ஸ்வீடன் பாடகி மோனிகா செட்டர்லண்ட் இதை ஸ்வீடிஷ் வரிகளோடு எவன்ஸ் டிரியோவுடன் பாடியிருக்கிறார். தேடிக் கேட்கலாம்.

லஃபாரோ போன பிறகு எவன்ஸ் என்ன செய்தார்?

பல மாதம் மேடை ஏறவில்லை. பிறகு சக் இஸ்ரேல்ஸ் என்ற பேஸ்காரரோடு திரும்ப வந்தார். இஸ்ரேல்ஸை எப்போதும் லஃபாரோவோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. 1962-ல் பதிவான 'மூன் பீம்ஸ்' முழுக்க மெதுவான பாடல்கள். இஸ்ரேல்ஸின் அடக்கமான வாசிப்பு அதற்குப் பொருத்தமாக இருக்கிறது. அதே ஆண்டு கிதார் கலைஞர் ஜிம் ஹாலோடு இருவராக வாசித்த 'அண்டர்கரண்ட்' வந்தது. 1963-ல் தன் வாசிப்பின் மேலேயே தான் மறுபடி வாசித்து, மூன்று பியானோவாக அடுக்கிய 'கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்' அவருக்கு முதல் கிராமியைத் தந்தது.

1966-ல் எடி கோமெஸ் வந்து பதினோரு ஆண்டு இருந்தார். டிரம்ஸில் பலர் மாறினார்கள். மார்ட்டி மொரெல் நீண்டகாலம் இருந்தவர். 1968-ல் மான்ட்ரூ விழாவில் ஜாக் டிஜானெட் டிரம்ஸ் வாசித்த கச்சேரி ஆல்பமாக வந்து கிராமி வாங்கியது. கோமெஸோடு எவன்ஸ் வாசித்த கடைசிக் கால ஆல்பங்களில் 'யு மஸ்ட் பிலீவ் இன் ஸ்பிரிங்' தனி ரகம். 1977-ல் பதிவாகி, அவர் இறந்த பிறகு 1981-ல் வெளிவந்தது.

போதைப் பழக்கம் பற்றிச் சொல்வது உண்மையா?

உண்மை. 1950-களின் கடைசியிலேயே ஹெராயின் பிடித்துக்கொண்டது. 1963 தொடக்கத்தில் ஊசி நரம்பில் பட்டு வலது கை மரத்துப்போய், இடது கையை மட்டும் வைத்து வான்கார்டில் வாசித்திருக்கிறார். 1970-களில் அதிலிருந்து விடுபட்டார். கடைசி ஆண்டுகளில் கொகெய்னில் விழுந்தார். பல ஆண்டு துணையாக இருந்த எலெயின் 1973-ல் தற்கொலை செய்துகொண்டார். 1979-ல் அண்ணன் ஹாரியும் அப்படியே போனார். கல்லீரல் கெட்டு, வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து, நிமோனியாவும் சேர்ந்துதான் எவன்ஸின் முடிவு. லூயிசியானாவின் பேட்டன் ரூஜில் அண்ணன் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த வலியால்தான் அவர் இசை அழகானது என்று எழுதுகிறவர்களோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. போதை அவருக்கு எதையும் தரவில்லை. ஆயுளில் பாதியைப் பறித்தது. அந்த இசை, நாள் முழுக்கப் பியானோ முன் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டையும் ஆராய்ந்த உழைப்பால் வந்தது.

கடைசி டிரியோ நன்றாக இருந்ததா?

மிக நன்றாக இருந்தது. பேஸில் மார்க் ஜான்சன், டிரம்ஸில் ஜோ லபார்பரா. 1979 முதல் 1980 வரை. முதல் டிரியோவுக்கு நிகராக இதைத்தான் நினைக்கிறேன் என்று எவன்ஸே சொல்லிவந்தார். 1979 நவம்பரில் பாரிஸில் பதிவான கச்சேரியைக் கேளுங்கள். 'நார்டிஸ்' பாடலுக்கு முன்னால் எவன்ஸ் தனியாக நீண்ட நேரம் வாசிப்பார். மெல்லிய வாசிப்பு என்று அவருக்கு இருந்த பெயர் அங்கே உடைந்துபோகும்; அவ்வளவு வேகம், அவ்வளவு கோபம். 1980 செப்டம்பர் 8 வரை சான் ஃபிரான்சிஸ்கோவின் கீஸ்டோன் கார்னரில் வாசித்தார். அடுத்த இரண்டு இரவு நியூயார்க்கில். அதற்குமேல் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 15-ஆம் தேதி மருத்துவமனைக்குக் காரோட்டிக் கூட்டிப்போனவர் லபார்பராதான்.

எவன்ஸின் இசை ஓட்டல் வரவேற்பறையில் ஓடும் பின்னணி இசைபோல் இருக்கிறதே?

அப்படிக் கேட்பதற்குக் காரணம், அவரைப் பார்த்து வாசித்தவர்களின் இசையை நாம் ஓட்டல்களில் நிறையக் கேட்டுவிட்டோம். நாதத்தின் மென்மையை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சண்டையை விட்டுவிட்டார்கள். ஒரு முறை பியானோவை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடுத்த முறை டிரம்ஸை மட்டும். மூன்றாவது முறை எல்லாம் சேர்த்து. பின்னணியாக வைத்திருக்க முடியாது.

யார் யார் மேல் அவருடைய செல்வாக்கு உண்டு?

ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, கீத் ஜாரெட், ஃப்ரெட் ஹெர்ஷ் என்று அடுத்த தலைமுறைப் பியானோக்காரர்களில் அவரைத் தொடாமல் வந்தவரைக் கண்டுபிடிப்பது கடினம். ஜாரெட் 1983 முதல் நடத்திய டிரியோவில் பேஸ் கேரி பீகாக், டிரம்ஸ் டிஜானெட். இருவருமே எவன்ஸ் டிரியோவில் வாசித்தவர்கள். சிக் கொரியா 2010-ல் எடி கோமெஸையும் மோஷனையும் சேர்த்துக்கொண்டு எவன்ஸுக்காகவே வாசித்தார்.

பேஸ்காரர்கள் மேல் இருக்கும் செல்வாக்கு இன்னும் பெரியது. லஃபாரோவுக்குப் பின் அந்த வாத்தியத்தின் எல்லையே மாறிவிட்டது. பியானோவுக்கு வெளியிலும் உண்டு. நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், 1993-ல் எவன்ஸின் பாடல்களைக் கிதார்களுக்கு மாற்றி ஒரு முழு ஆல்பம் செய்தார்.

பியானோ கற்றுக்கொள்கிறேன். அவருடைய இடது கையில் என்ன விசேஷம்?

கார்டின் அடிஸ்வரத்தை, அதாவது ரூட்டை, விட்டுவிடுவது. உதாரணமாக, டி மைனர் செவன்த் என்றால் பாடப்புத்தகப்படி டி, எஃப், ஏ, சி. எவன்ஸ் டி-யை விட்டு எஃப், ஏ, சி, இ என்று வைப்பார். அடுத்து ஜி செவன்த் வந்தால், சி மட்டும் பி-க்கு இறங்கும். எஃப், ஏ, பி, இ. ஒரே ஒரு விரல் அசைகிறது, முழு நிறமும் மாறிவிடுகிறது. ஜி எங்கே? பேஸ்காரர் வாசிக்கலாம், வாசிக்காமலும் விடலாம். காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். பியானோ அடித்தளத்தை ஆக்கிரமிக்காததால்தான் லஃபாரோவுக்கு அவ்வளவு இடம் கிடைத்தது.

இவற்றை எவன்ஸ் மட்டுமே கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு உலகத்தில் எங்கே ஜாஸ் பியானோ சொல்லிக்கொடுத்தாலும் இந்த இரண்டு கார்ட்களும் முதல் சில பாடங்களில் வந்துவிடும். பன்னிரண்டு ஸ்வரங்களிலும் மாற்றி மாற்றி வாசித்துப் பழகுங்கள். வாசிக்கும்போது மேல் ஸ்வரம் கொஞ்சம் தூக்கலாகக் கேட்க வேண்டும். நான்கு விரலும் ஒரே அழுத்தத்தில் விழுந்தால் அது அவருடைய நாதம் ஆகாது.

எந்த வரிசையில் கேட்கலாம்?

முதலில் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பம். அதன் முதல் பாட்டு 'மை ஃபூலிஷ் ஹார்ட்' உங்களைப் பிடிக்காவிட்டால் ஒரு வாரம் விட்டு இரவில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடுத்து 'சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்', அப்புறம் 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்'. தனிப் பியானோ வேண்டும் என்றால் 1958-ல் பதிவான 'பீஸ் பீஸ்': இடது கை இரண்டே கார்ட்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க, வலது கை எங்கெங்கோ போய் வரும். அதே இடது கையை 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் கடைசிப் பாட்டான 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' ஆரம்பத்தில் அடையாளம் கண்டுகொள்வீர்கள். பாட்டுக்குரல் இல்லாமல் ஒட்டவில்லை என்றால், பாடகர் டோனி பென்னட்டும் எவன்ஸும் இருவர் மட்டுமாக 1975-ல் செய்த ஆல்பம் இருக்கிறது. பாரிஸ் கச்சேரியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1961-ல் பழகிய காதோடு போனால்தான் அந்த 'நார்டிஸ்' எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.